கருவாடு உலர் பொருள்தான்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அனுபவத்தில் இருந்து ஏதாவது பேசுங்கள் என்று என் பழைய நகரமைப்பு அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மைக் கையில் கிடைத்தால் எனக்கு விடத் தெரியாது. அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வரைபடம், மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நாங்கள் வரைபடத்தில் மஞ்சள் மை தீர்ந்துபோன ஒரே காரணத்துக்காக ஒரு குடியிருப்புப் பகுதியைப் பச்சை அடித்துப் பூங்கா ஆக்கியவர்கள். எங்களிடம் அதையெல்லாம் கற்றுக்கொள்ளாதீர்கள்.

முதலில் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். பழைய நகரத்துக்குப் புத்துயிர் கொடுப்பதுதான் நம் வேலை என்று நீங்கள் சொன்னால் சொந்தக்காரர்களுக்குப் புரியாது. முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகும் மதுரை கே.கே. நகரில் எங்கள் தெருவில் நான் "இடிக்கிற ஆபீஸ் மேடம்"தான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் பாயசம் வருவதற்குள், "மாடியில பிளான் இல்லாம ஒரு ரூம் கட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பார். நான் ரசம் சாப்பிட்டபடியே தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அந்த வித்தை உங்களுக்கும் வந்துவிடும்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். தப்புகள் நிறைய உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஒரு பெண்மணியின் பிழைப்பே போயிருக்கும்.

சிம்மக்கல் பக்கத்தில் ஒரு பழைய சந்தை இருந்தது. மழை பெய்தால் வெளியே இருப்பதைவிட உள்ளே அதிகம் நனையலாம். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது எங்கள் திட்டம். அறுபத்து நான்கு வியாபாரிகள். இடிப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் போய், "கட்டி முடித்ததும் உங்கள் எல்லோருக்கும் கடை உண்டு" என்று வாக்குக் கொடுத்தது நான். பட்டியல் எடுத்ததும் நான்.

அந்தப் பட்டியலில் கடைசி ஆள் பாண்டியம்மாள். திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து தினமும் பஸ்ஸில் கூடையோடு வந்து, சந்தையின் பின்வாசலில் சாக்கு விரித்துக் கருவாடு விற்பவர். இருபது வருடமாக அதே இடம். ஆனால் தரையில் உட்கார்ந்து விற்பவர் கணக்கில் வரமாட்டார் என்றார்கள். நான் சண்டை போட்டு அவரைப் பட்டியலில் சேர்த்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. பெயரைப் பதிந்துகொண்ட அன்று அவர் என்னிடம், "எங்க அப்பா, ஆத்தா ரெண்டு பேரும் பெறத்தியார் காட்டுல பருத்தி எடுத்தவுக மேடம். எங்க வம்சத்துல நம்பர் போட்ட எடம்ன்டு ஒருத்தருக்கும் இருந்ததில்ல. நெசமாவே குடுப்பீகளா?" என்று கேட்டார். நிஜமாகவே கொடுப்போம் என்றேன்.

என் படிவத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. கடையின் அகலம், மின்சாரம், எடைக்கல், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. சரக்கு என்ற தலைப்பின் கீழ் இரண்டே கட்டங்கள்: ஈரப் பொருள், உலர் பொருள். ஈரப் பொருளான மீனும் கறியும் ஊருக்கு வெளியே கட்டிய தனிச் சந்தைக்குப் போய்விடும். உலர் பொருள் இங்கேயே இருக்கும். கருவாடு காய்ந்துதானே இருக்கிறது? முந்திரி, பேரீச்சை, வத்தல் வரிசையில் அதற்கும் உலர் பொருள் என்று டிக் அடித்தேன். எங்கள் வீட்டில் வெங்காயத்துக்கே விசாரணைக் கமிஷன் உண்டு; எனக்குக் கருவாட்டைப் பற்றி வேறு என்ன தெரியும்?

அடுத்த தப்பைத் தெரிந்தே செய்தேன். ஒரே வகைக் கடைகளை ஒரு பக்கமாக வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படிச் செய்தால் யாருக்கு முன்பக்கம், யாருக்குப் பின்பக்கம் என்று சிபாரிசுக் கடிதங்கள் குவியும். எனவே குலுக்கல், குலுக்கல்தான் நியாயம் என்று பிடிவாதமாக நின்றேன். அப்போது எனக்கு மேலே ஒரு அதிகாரி இருந்தார். எந்தக் கோப்பையும் மறுக்கமாட்டார், எந்தக் கோப்பிலும் கையெழுத்துப் போடமாட்டார். அதுவே ஒரு கலை. அவர் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கருவாட்டுக்காரம்மா எங்க வருவாங்க?"

"குலுக்கல்ல எங்க விழுதோ அங்க, சார்."

"சரி."

அவர் அகராதியில் "சரி" என்றால் "பட்டால் தெரியும்" என்று அர்த்தம். எனக்கு அது பட்ட பிறகுதான் தெரிந்தது.

கம்ப்யூட்டர் குலுக்கலை வியாபாரிகள் நம்பவில்லை. "அதுக்குள்ள நீங்க என்ன வேணாலும் செஞ்சு வச்சிருப்பீக" என்றார்கள். பித்தளைக் குடத்தில் சீட்டுப் போட்டு எல்லோர் முன்னாலும் எடுத்தோம். இருபத்திரண்டாம் எண் சங்கரலிங்கத்துக்கு விழுந்தது. கற்பூரம், விபூதி, ஊதுபத்தி விற்கிற பூஜைக் கடைக்காரர். நெற்றி நிறையப் பட்டை போட்டவர். இருபத்து நான்கு, செல்வத்துக்கு. கல்யாண ஜாக்கெட் துணி விற்பவர். நடுவில் இருபத்து மூன்று யாருக்கு விழுந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

கூட்டம் முதலில் சிரித்தது. நானும் சிரித்தேன். பாண்டியம்மாள் மட்டும் அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கி, நாலாக மடித்து, சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சிரிப்பு மனுவாக வந்தது. கொண்டுவந்தவர் வியாபாரிகள் சங்கச் செயலாளர் மாணிக்கம். எவர்சில்வர் பாத்திரக் கடை. சந்தையின் வாசலிலேயே ஒன்பதாம் எண் அவருக்கு விழுந்திருந்தது.

"மேடம், அந்தம்மா மேல எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. பொழைக்கட்டும். இங்க வேணாம், அம்புட்டுத்தான். புதுக் கட்டடம். ஏசி போட்ட மாதிரி இருக்கு. கல்யாணச் சாமான் வாங்க வாரவுக மூக்கைப் பிடிச்சுக்கிட்டா வருவாக? அந்தக் கடை இருந்துச்சுன்டா நாங்க ஒருத்தரும் சாவி வாங்க மாட்டோம்."

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. பெரியவர்கள் வருகிறார்கள், பந்தல்காரர் குழி தோண்டிவிட்டார், பத்திரிகை அச்சாகிவிட்டது. வியாபாரிகள் சாவி வாங்காத சந்தையைத் திறந்து வைப்பது மாப்பிள்ளை இல்லாத மேடையில் கெட்டிமேளம் கொட்டுவதுதான். மீன் சந்தையில் கேட்டேன். ஒரு கடைகூட மிச்சம் இல்லை என்றார்கள். அப்படியே இருந்தாலும் பாண்டியம்மாளிடம் வாங்குகிறவர்கள் காய்கறிக்கும் பூண்டுக்கும் சிம்மக்கல்லுக்கு வருகிறவர்கள்தான். அங்கே யார் போவார்கள்?

அதிகாரி என்னை உள்ளே கூப்பிட்டார். முறுக்கை உடைத்துக்கொண்டே சொன்னார். "ஒரு பேரை எடுத்தா அறுபத்து மூணு பேர் சாவி வாங்குவாங்க. எடுக்கலைன்னா விழாவே கிடையாது. வாக்குக் கொடுத்தது நீங்க. முடிவையும் நீங்களே எடுங்க." பாதி முறுக்கை என் பக்கம் நகர்த்தினார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே உதவி அதுதான், அதுவும் எழுத்துப்பூர்வமாக இல்லை.

நெருக்கடியில் அரசாங்க மூளை என்ன செய்யும்? கமிட்டி போடும். நானும் போட்டேன். நாற்றம் எந்த அளவு இருக்கிறது என்று நேரில் ஆராய மூன்று பேர் குழு. ஒன்று, சங்கச் செயலாளர் மாணிக்கம். இரண்டு, சுகாதார ஆய்வாளர் ஒருவர். சித்திரையிலும் ஜலதோஷம் பிடித்திருப்பவர். மூன்று, கருவாட்டை வாழ்நாளில் முகர்ந்தே பார்க்காத நான். அலுவலகத்தில் எங்களுக்கு மோப்பக் குழு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஏற்பாடு இதுதான். காலை பத்து மணிக்குப் பாண்டியம்மாள் தன் முழுச் சரக்கையும் இருபத்து மூன்றாம் கடையில் கொண்டுவந்து வைக்கவேண்டும். ஷட்டர் பாதி இறங்கியிருக்கவேண்டும். நாங்கள் வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு கடை முன்பும் நின்று முகர்ந்து பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவேண்டும். நான் அதற்கும் ஒரு படிவம் தயாரித்திருந்தேன்.

பத்தடித்ததும் தொடங்கினோம். வாசலிலேயே மாணிக்கம் கைக்குட்டையை எடுத்துவிட்டார். "இங்கேயே அடிக்குது மேடம்" என்று ஏழு போட்டார். பதினைந்தாம் கடையில் எட்டு. ஆய்வாளர் இரண்டு முறை மூக்கைச் சிந்திவிட்டு, எதற்கு வம்பு என்று மாணிக்கத்தின் படிவத்தைப் பார்த்து அதையே எழுதினார். இருபத்து மூன்றுக்கு முன்னால் வந்து நின்றபோது மாணிக்கத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பத்துக்குப் பத்து. "தாங்க முடியாத துர்நாற்றம்" என்று குறிப்பும் எழுதினார். நானும் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். நான் ஆறு போட்டேன். நடுநிலையாக இருக்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போதுதான் பின்வாசலில் இருந்து தலையில் கூடையோடு மூச்சு வாங்க ஓடி வந்தார் பாண்டியம்மாள்.

"மன்னிச்சுக்கங்க மேடம், பஸ்ஸு பஞ்சரு! கப்பலூர்கிட்ட அரை மணி நேரம் நின்னு போச்சு. இப்பத்தான் எறங்கி ஓடியாரேன். ஆரம்பிக்கலாமா?"

ஷட்டரைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே ஒரு சிமெண்ட் மூட்டையும் பெயிண்டர் விட்டுப்போன ஏணியும் இருந்தன. வேறொன்றும் இல்லை.

மாணிக்கம்தான் முதலில் சுதாரித்தார். "வரதுக்கு முன்னாடியே இம்புட்டு அடிச்சா, வந்த பின்னாடி எம்புட்டு அடிக்கும் பாருங்க!" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார். ஆய்வாளர் தும்மிக்கொண்டே அவர் பின்னால் போனார். நான் என் படிவத்தில் இருந்த ஆறைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் போட்ட எட்டையும் பத்தையும் நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. என் ஆறை நினைத்து வெட்கமாக இருந்தது. நான் முகர்ந்தது கருவாட்டை இல்லை. அந்த அம்மாவின் பெயரைத்தான் முகர்ந்திருக்கிறேன்.

மனு விஷயத்தைப் பாண்டியம்மாளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபத்து மூன்றாம் கடைப் படியில் இருவரும் உட்கார்ந்தோம். மனு என் பையில் இருந்தது. "கண்ணாடி கொண்டாரல, நீங்களே வாசிங்க. யார் யாரு போட்டிருக்காக?" என்றார். வாசித்தேன்.

"முதல் கையெழுத்து, மிளகாய் மண்டி ராசு."

"நெத்திலி."

"என்ன?"

"அவரு நெத்திலி. தலை கிள்ளினது. அடுத்து?"

"பிளாஸ்டிக் கடை முருகேசன்."

"வாளை. அவுக வீட்டம்மா வந்து வாங்கும். நல்ல பொண்ணு."

"வெல்லக் கடை பரமசிவம்."

"திருக்கை. பிள்ள பெத்த மகளுக்குன்டு வாங்குவாரு. அந்தப் பிள்ளைக்கு இப்பப் பத்து வயசாச்சு, இன்னும் மகளுக்குத்தேன் வாங்குறாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் பெயர் சொல்லச் சொல்ல அவர் மீன் சொன்னார். நாற்பத்தொரு கையெழுத்தில் முப்பதுக்கு மேல் மீனோடு இருந்தன. கடைசியாகச் செயலாளர் பெயர். அதைச் சொன்னதும் அவர் கொஞ்சம் யோசித்தார், சொல்லலாமா என்று.

"மாணிக்கம் அண்ணே... சீலா. நல்ல பெரிய துண்டமா. அவுக வீட்ல சுத்த சைவமாம், தெரிஞ்சா வெட்டிப் போட்ருவாகளாம். ஞாயித்துக்கிழம கடை லீவுல்ல? பின்வாசல் வழியா வருவாரு. பூண்டுப் பைக்கு அடியில வச்சுக் குடுக்கணும். எங்க வச்சுத் திங்கிறாரோ, அந்த மீனாச்சிக்குத்தேன் வெளிச்சம்."

நாளை மறுநாள் சங்கக் கூட்டம். இந்தப் பட்டியலை மேடையில் வாசித்தால் போதும், மனு செத்தது. அதைச் சொன்னதும் பாண்டியம்மாள் என் கையில் இருந்த காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினார்.

"அதெல்லாம் ஆகாது யக்கா. ஏவாரம்ன்டா ஏவாரம். இன்னார் இன்னது வாங்குனாகன்டு வெளிய சொன்னா, அது கடையா? நாளைக்கு எவன் என்கிட்ட வருவான்? கடை போனாப் போகுது. அந்தப் பேச்சு மட்டும் வேணாம். சத்தியம் பண்ணுங்க."

மேடம் போய் அக்கா ஆகிவிட்டேன் என்பதையே அப்புறம்தான் கவனித்தேன். சத்தியம் செய்து கொடுத்தேன். இந்த இடத்தை நீங்கள் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கையில் சரியான ஆயுதம் இருந்தும் அது அடுத்தவருடைய ஆயுதமாக இருந்தால் எடுக்கக்கூடாது. இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அந்த அம்மா தன் கடையையே பணயம் வைத்துச் சொல்லித் தந்தார்.

எழுந்து போகும்போது அவர் ஒன்று கேட்டார். "பூசைக் கடை ஐயா பேரு வரலையே?" மனுவைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். சங்கரலிங்கத்தின் கையெழுத்து அதில் இல்லை. ஒருவேளை வேறு தாளில் இருக்கும், மறுநாள் கேட்கலாம் என்று நினைத்தேன். விழா வேலையில் கேட்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரை மட்டும் விட்டுவிட்டு ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கக் கூட்டம் புதிய சந்தையின் நடுக்கூடத்தில் நடந்தது. சாவிகள் ஒரு தட்டில் என் முன்னால் இருந்தன. பாண்டியம்மாளைத் தவிர எல்லோருக்கும் நாற்காலி கிடைத்திருந்தது. அவர் தூணில் சாய்ந்து நின்றார். நான் நாற்காலியைக் கொடுக்க எழுந்தபோது உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார். மாணிக்கம் பேசினார். புதிய மதுரை, புதிய சந்தை, சுகாதாரம், நாகரிகம் என்று கால் மணி நேரம். கைதட்டல் பலமாக இருந்தது. "வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று மட்டும் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை எனக்கே அது சத்தம் குறைவாகக் கேட்டது.

அப்போது பாண்டியம்மாள் தூணில் இருந்து நகர்ந்து முன்னால் வந்தார்.

"மேடத்தைப் போட்டு வாட்டாதீக. நான் திருமங்கலம் சந்தைக்கே போயிடுறேன். இனிமே சிம்மக்கல் பக்கம் வர மாட்டேன். வாரத்துல எந்த நாளும் வர மாட்டேன். இதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். எல்லாரும் நல்லா இருங்க."

கைதட்டல் வரவேண்டிய இடம். வரவில்லை. மிளகாய் மண்டி ராசு தன் செருப்பைப் பார்த்தார். வெல்லக் கடைப் பரமசிவம் வாயைத் திறந்து மூடினார். கடைசி வரிசையில் இருந்து ஒரு குரல், யார் என்று இன்றுவரை தெரியாது, தன்னை மறந்து கேட்டுவிட்டது.

"புதன்கிழமையும் வர மாட்டீகளாக்கும்?"

முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு நாலு பேர். அதற்குள் சங்கரலிங்கம் எழுந்து நின்றார். ஐயா பேசப்போகிறார், இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். பட்டை போட்ட நெற்றியைப் பார்த்தே முடிவு கட்டிவிட்டேன்.

"அந்தம்மாவுக்குப் பக்கத்துக் கடை என்னுது. என்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. முப்பது வருசமாக் கற்பூரத்துக்குள்ளேயே உக்காந்திருக்கேன். எனக்கு மூக்கு போயிப் பதினஞ்சு வருசம் ஆச்சு. வீட்டு சாம்பார் வாசமே தெரியாது, கருவாடா தெரியப்போகுது? பக்கத்துல இருக்க எனக்கு ஆட்சேபணை இல்ல. ஆட்சேபணை உள்ளவுக எல்லாம் அம்புட்டுத் தூரத்துல இருக்கீக. அதென்ன கணக்கு?"

இப்போது கூடமே சிரித்தது. சிரிக்காதவர் ஒருவர்தான், ஜாக்கெட் துணி செல்வம். அவர் மெதுவாக எழுந்து, "அண்ணே, நான் குறையாச் சொல்லல. என் சரக்கு பட்டு. நெசமாவே வாசம் ஏறிக்கிரும். பொண்ணு வீட்டுக்காரவுக திருப்பிக் கொண்டாந்தா நான் என்ன செய்ய?" என்றார். அத்தனை புகாரிலும் அது ஒன்றுதான் உண்மையான புகார். அதை நான் முதல் நாளே பிரித்து எடுத்திருக்கவேண்டும். நாற்பத்தொரு கையெழுத்துக்கு நடுவில் அது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி சின்னதாகிவிட்டது. யாரோ ஒருவர் செல்வத்தோடு கடை மாற்றிக்கொள்ளவேண்டும். "துணியில் ஏறும். எதில் ஏறாது?" என்று கேட்டேன். நான் கூட்டத்தில் கேட்ட முதல் உருப்படியான கேள்வி அது.

"எவர்சில்வர்ல ஏறாது" என்றார் சங்கரலிங்கம்.

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. மாணிக்கம் துள்ளி எழுந்தார். வாசல் கடை, ராசியான ஒன்பது, குடத்தில் கைவிட்டு எடுத்த சீட்டு, அதை எப்படி விட்டுக்கொடுப்பது என்று ஆரம்பித்தார். நியாயம்தான். நானே குலுக்கல் போட்டுக் கொடுத்த இடம். என்னால் வற்புறுத்த முடியாது.

பாண்டியம்மாள் குறுக்கிட்டார். குரலில் ஒரு குத்தலும் இல்லை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"அண்ணே, நீங்க செரமப்படாதீக. நான்தான் போறேன்ங்கிறேன்ல. உங்களுக்கு இதுல ஒரு வித்தியாசமும் தெரியப்போறதில்ல. ஞாயித்துக்கிழம நீங்கதான் சந்தைப் பக்கமே வரதில்லையே."

கூட்டத்துக்கு அது சாதாரணப் பேச்சு. மாணிக்கத்துக்கும் எனக்கும் மட்டும்தான் அதன் எடை தெரியும். அவர் பாண்டியம்மாளைப் பார்த்தார். இவள் நினைத்தால் சொல்லலாம், சொல்லவில்லை, சொல்லவும் மாட்டாள் என்பது அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஏறுவதை நான் பார்த்தேன். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு பெரிய மனிதத் தோரணையில் கையை உயர்த்தினார்.

"சங்கத்து ஒத்துமைதான் முக்கியம். செயலாளர்ன்டு இருந்தா விட்டுக்குடுக்கத்தான் வேணும். இருபத்து நாலு நான் எடுத்துக்கிறேன். செல்வம், நீ முன்னாடி போ மாப்ள."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நான்தான் முதலில் தட்டினேன். கூச்சத்தில் வந்த பெருந்தன்மைக்கும் கை தட்டுங்கள், நம் தொழிலில் அதற்குக் குறைவில்லாமல் தட்டவேண்டும். அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றார். அன்றைக்கு மட்டும் கையெழுத்தும் போட்டார்.

விழா நடந்தது. பெரியவர்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், எங்கள் யாருடைய பெயரையும் சொல்லாமல் போனார்கள். சாயங்காலம் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பாண்டியம்மாள் என்னைத் தேடி வந்தார். கையில் புதுச் சாவியும் பூட்டும். முகத்தில் கூச்சம்.

"யக்கா, சிரிக்கக் கூடாது. இத எப்படிப் பூட்டணும்?"

இருபது வருடமாக அவர் தினமும் கடையைக் கூடைக்குள் வைத்துத் தலையில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனவர். பூட்டிவிட்டுப் போக அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை. ஷட்டரை இழுத்து, கொக்கியில் பூட்டை மாட்டி, சாவியைத் திருப்பிக் காட்டினேன். மறுபடி காட்டுங்க என்றார். காட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தார். பத்தடி போனார், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். உள்ளே இருக்கிற கூடையை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசே வரவில்லை.

கடைசியில் ஒரு வழியாகப் புறப்பட்டார். தலையில் பாரம் இல்லாமல், இரண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் வீசி வீசி நடந்து, பெரியார் பஸ் நிலையம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்குக் கை காட்டினார். நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். பஸ் நகர்ந்தது. ஜன்னலில் அவர் முகம் திடீரென்று மாறி, பாதி உடம்பு வெளியே வந்தது.

"யக்கா! சாவி! சாவி ஒங்க கையிலயே இருக்கு!"

ஐம்பத்தேழு வயதில், விழாவுக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, சிம்மக்கல் சாலையில் ஆட்டோக்களுக்கு நடுவே அந்த பஸ்ஸைத் துரத்தி ஓடினேன். ஆட்டோக்காரர்கள் ஓரம்கட்டி நின்று, "விடாதீக மேடம், பிடிச்சிருவீக!" என்று கத்தினார்கள். சிக்னலில் பஸ் நின்றது. மூச்சு இரைக்க ஜன்னலில் கையை நீட்டினேன். என் முப்பது வருட வேலையில், தருகிறேன் என்று சொன்ன ஒன்றை உரியவர் கையிலேயே கொண்டுபோய் வைத்தது அந்த ஒரு தடவைதான்.